எத்தனை குஞ்சு, எத்தனை குடம்: தென்கடற்கரைக் குடும்பம் ஒன்றின் கோழிப் பிணக்கு

இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்தை ஒட்டிய தென்கடற்கரைக் குடியிருப்பு ஒன்றில், வீட்டில் வளர்க்கும் கோழிக் குஞ்சுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதா வேண்டாமா என்று ஒரே குடும்பத்துக்குள் எழுந்து, இரண்டு மீன்பிடித் தடைக்காலங்களைத் தாண்டியும் நீடித்த பிணக்கு ஒன்றை இங்கே பதிவு செய்கிறேன். மகளிர் குழுக்களோடு வேலை செய்யும் களப்பணியாளர் என்ற முறையில், நின்றுபோன கடன் தவணையைப் பற்றிக் கேட்பதற்காகத்தான் அந்த வீட்டுக்கு முதன்முதலில் போனேன். அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதால் ஊரின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் தவிர்த்து, எல்லோரையும் உறவுமுறையாலேயே குறிப்பிடுகிறேன். அந்தக் கடன் விண்ணப்பத்துக்குப் பரிந்துரை எழுதியவர்களில் நானும் ஒருத்தி என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால், அன்றைக்கு நான் கேட்கத் தவறிய ஒரு கேள்விதான் இந்தப் பிணக்கின் அடியில் கிடந்தது.

வீடு

வீட்டில் ஐந்து பேர் இருக்கிறார்கள்: அறுபதைத் தாண்டிய மாமியார், அவருடைய மகன், மருமகள், அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த பேத்தி, ஆறாம் வகுப்புப் படித்த பேரன். ஒட்டினாற்போல் இருக்கும் அடுத்த வீட்டில் கணவரை இழந்த நாத்தனார் தனியாக இருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் வாசல் ஒன்றுதான்.

மகன் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். இந்தப் பகுதி விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாட்கள்தான் கடலுக்குப் போகும். அதிலும் காற்று, எச்சரிக்கை, வேலைநிறுத்தம் என்று நாட்கள் கழிந்துபோகும். மருமகள் தீவுகளை ஒட்டிய பாறைகளில் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி என்னும் கடற்பாசிகளை எடுக்கப் போகிறவர். மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே கடலில் இறங்குவது என்பது பாசிப் பெண்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. நாத்தனார் நெத்தலியும் காரலும் வாங்கி வாசலில் காயவைத்து, கருவாட்டு வியாபாரியிடம் போடுகிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் படகும் போகாது, பாசியும் பெரும்பாலும் நின்றுவிடும், நாத்தனாரின் களத்துக்கும் மீன் குறைந்துவிடும். தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்தார். அந்தத் தொகை இரண்டு மாதச் சோற்றுக்கும் ஒரு பிள்ளையின் கல்லூரிச் செலவுக்கும் சேர்த்துப் போதாது என்பது மருமகளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கூடுதல் குஞ்சுகள் வளர்க்கலாம் என்ற எண்ணம் அங்கிருந்துதான் பிறந்தது. அதைப் பேராசை என்று பின்னர் வீட்டுக்குள்ளேயே பலமுறை சொன்னார்கள். அந்தச் சொல்லை நான் ஏற்கவில்லை.

அதற்கு முன்பும் வீட்டில் கோழி இருந்தது. ஒரு சேவலும் ஐந்து பெட்டைகளும் மாமியாருடையவை. அவற்றைப் பஞ்சாரத்தில் கவிழ்ப்பதும், அடை வைப்பதும், திருவிழாவுக்கு முன் சேவலை விற்பதும், விற்ற பணத்தைச் சுருக்குப்பையில் முடிந்துகொள்வதும் முழுக்க அவர் பொறுப்பு. பேரனின் நோட்டுப் புத்தகச் செலவும் பேத்தியின் பேருந்துக் காசும் யாரையும் கேட்காமல் அந்தப் பையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தன.

அறுபது குஞ்சுகள்

ஒரு டிசம்பர் முதல் வாரத்தில், மருமகள் குழுக் கடனில் 15,000 ரூபாய் பெற்று, கீற்றுக் கொட்டகை ஒன்றைப் போட்டு, வண்டியில் வந்த வியாபாரியிடம் 60 ஒருநாள் குஞ்சுகளை வாங்கினார். வடகிழக்குப் பருவமழை இன்னும் விடவில்லை. குஞ்சுகளை வைக்க மீன் ஏற்றும் தெர்மாகோல் பெட்டிகளைக் கழுவி, உமி பரப்பி, மேலே 60 வாட் குண்டு பல்பு இரண்டைக் கட்டித் தொங்கவிட்டார். முதல் வாரத்துக் குஞ்சுக்கு ஏறத்தாழ 35 பாகை வெப்பம் தேவை. அதற்கு இந்த ஏற்பாடு போதுமானதுதான். ஆனால் மழை வலுத்த ஓர் இரவில் மின்சாரம் நின்றுபோக, சூட்டுக்காக ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கியதில் அடியில் சிக்கிய ஏழு குஞ்சுகள் காலையில் தட்டையாகக் கிடந்தன.

மூன்றாவது வாரத்தில் வேறுவிதமான சாவு தொடங்கியது. குஞ்சுகள் ஓயாமல் தண்ணீர் குடித்தன. எச்சம் நீராகப் போனது. எவ்வளவு மாற்றினாலும் உமி சொதசொதவென்று நனைந்தே இருந்தது. வயிறு உப்பி, கால் அகற்றி நின்றபடியே சாய்ந்தன. செத்த குஞ்சு ஒன்றின் இரைப்பையை மாமியார் அரிவாள்மனையில் கீறிப் பார்த்தபோது, உள்ளே தெர்மாகோலின் வெள்ளை மணிகள் அடைத்துக் கிடந்தன. பெட்டியின் உள்விளிம்பு முழுவதும் எலி கொறித்ததுபோல் கொத்தப்பட்டிருந்ததை நானும் பின்னர் பார்த்தேன். மாமியார் அந்த மணிகளை ஒரு சிரட்டையில் போட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு, மருமகளிடம் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாராம். அவர் எதுவும் சொல்லாமல் போனதுதான் தன்னை அதிகம் சுட்டது என்று மருமகள் என்னிடம் சொன்னார்.

தெர்மாகோல் ஒரு காரணம்தான். இரண்டு குஞ்சுகளை அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனபோது, அங்கிருந்த மருத்துவர் அறுத்துப் பார்த்து, வயிற்றில் நீர் கோத்திருப்பதையும் சிறுநீரகங்கள் வெளிறி வீங்கியிருப்பதையும் காட்டி, என்ன தண்ணீர் கொடுக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். கொடுத்தது வீட்டுப் பின்புறத்து உவர்க் கிணற்றுத் தண்ணீர். நல்ல தண்ணீர் குடம் 10 ரூபாய். தெருக்குழாயில் காவிரித் தண்ணீர் வரும் நாளில் தள்ளுவண்டியோடு வரிசையில் நிற்க வேண்டும். கோழிக்கு அதையா கொடுப்பது என்று யாருக்குமே தோன்றவில்லை. தீவனச் செலவைக் குறைக்க வேண்டும் என்று, பக்கத்துத் தெருவில் யாரோ சொன்ன யோசனைப்படி, நாத்தனார் களத்தில் கூட்டி அள்ளிய கருவாட்டுத் தூளையும் தவிட்டோடு கலந்து போட்டிருக்கிறார்கள். புரதத்துக்கு மீன்தூள் நல்லதுதான். ஆனால் அது உப்பிடாத மீனாக இருக்க வேண்டும். கலப்புத் தீவனத்தில் உப்பு அரை விழுக்காட்டு அளவிலேயே சேர்க்கப்படுகிறது; உப்புக் கருவாட்டின் தூளில் இருப்பது அதைப்போல் பல மடங்கு. தண்ணீரிலும் உப்பு, தீனியிலும் உப்பு என்றால் குஞ்சின் சிறுநீரகம் தாங்காது. அறுபதில் பதினேழுதான் எஞ்சின.

நான் கேட்கத் தவறிய கேள்வி இதுதான்: குஞ்சுக்கு எந்தத் தண்ணீர்? பரிந்துரைப் படிவத்தில் இடம், கொட்டகை, சந்தை, முன்னனுபவம் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. தண்ணீருக்குக் கட்டம் இல்லாததால் நானும் கேட்கவில்லை. இந்தக் கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தோன்றாமல் போனதை இன்றும் நினைத்து வருந்துகிறேன்.

யார் என்ன சொன்னார்கள்

பிப்ரவரியில் நான் அங்கே போனபோது, மருமகள் இன்னும் 100 குஞ்சு வாங்க வேண்டும் என்று நின்றார். கொட்டகை, பல்பு, தீவனத் தட்டு எல்லாவற்றுக்கும் செலவு முடிந்துவிட்டது. பதினேழு கோழியை விற்றால் கடனில் கால்பங்குகூட அடையாது. எண்ணிக்கை கூடினால்தான் போட்ட பணம் திரும்பும். கணக்கு என்ற அளவில் அவர் சொன்னதில் தவறில்லை. ஒன்றியத்துக்கு 100 பெண்கள் வீதம் தேர்ந்தெடுத்து, நான்கு வார வயதுள்ள 40 நாட்டுக்கோழிக் குஞ்சுகளைப் பாதி மானியத்தில் கொடுத்த அரசுத் திட்டத்தைக் கேள்விப்பட்டிருந்த அவர், அரசாங்கமே நாற்பது கொடுக்கும்போது நான் நூறு வளர்க்கக் கூடாதா என்று கேட்டார். அந்த நாற்பதும் சூடு தேவைப்படும் பருவத்தைத் தாண்டிய குஞ்சுகள் என்பதை நான் சொன்னபோது சற்று யோசித்தார், ஆனாலும் மாறவில்லை.

கணவருக்குக் கடன் என்ற சொல்லே ஆகவில்லை. தடைக்காலத்தில் வட்டிக்கு வாங்கி, படகு இறங்கியதும் அடைத்து, மறுபடி வாங்கி, அந்தச் சுழலிலேயே வளர்ந்தவர் அவர். நாத்தனாரின் குறை நேரடியானது: எஞ்சிய பதினேழும் வளர்ந்து வாசலுக்கு வந்து, காயப்போட்ட நெத்தலியைக் கொத்தின, வலையின்மேல் எச்சமிட்டன, வியாபாரி ஒரு கூடையைத் திருப்பி அனுப்பிவிட்டார். "உன் கோழி தின்னது போக மிச்சத்தைத்தான் நான் விக்கிறேன், மதினி" என்று அவர் ஒரு நாள் காலையில் தெருவே கேட்கச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

மாமியார் சொன்னது ஒரே வாக்கியம்: இருக்கிறதே போதும். வாசல் நாறுகிறது, தூக்கம் கெடுகிறது என்று காரணங்களை அடுக்கினாரே தவிர, உள்ளே இருந்ததைச் சொல்லவில்லை. அதை நான் மூன்றாவது முறை போனபோது பேரன் வாயிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். அறுபது குஞ்சும் வந்த அன்று, மாமியாரின் ஐந்து பெட்டைகளையும் அதே கொட்டகையில் அடைத்து, முட்டைகளை ஒரே கூடையில் சேர்த்துவிட்டார்கள். பின்னர் சேவலை விற்க அவர் மருமகளிடம் கேட்க வேண்டியதாயிற்று. "அப்பத்தா பையில இப்ப காசு இல்ல" என்றான் பையன். எண்ணிக்கை பற்றிய சண்டையாக வெளியே தெரிந்த இது, மாமியாரைப் பொறுத்தவரை தன் சொத்தைக் கேளாமல் எடுத்துக்கொண்டது பற்றிய வழக்கு. மருமகளோ அதை எடுத்துக்கொண்டதாகவே நினைக்கவில்லை. ஒரே வீட்டுக் கோழிதானே என்று உண்மையாகவே நம்பினார்.

பேத்தி என்னிடம் எதுவும் பேசவில்லை. பாசி நாட்களில் விடியுமுன் அம்மா வல்லம் என்னும் நாட்டுப்படகில் போய்விட, கொட்டகையைத் திறப்பது, தண்ணீர் வைப்பது, தள்ளுவண்டியில் குடம் கொண்டுவருவது எல்லாம் அவள் தலையில் விழுந்திருந்தது. மார்ச்சில் அவளுக்குப் பொதுத்தேர்வு.

இரண்டு அமர்வுகள்

எல்லோரையும் பந்தலடியில் உட்காரவைத்து நான் நடத்திய முதல் பேச்சு முழுத் தோல்வி. எத்தனை குஞ்சு வளர்க்கலாம் என்று எண்ணிக்கையிலிருந்து தொடங்கியது என் பிழை. மருமகள் நூறு என்றார், மாமியார் வேண்டாம் என்றார், கணவர் கடன் அடையட்டும் என்றார், நாத்தனார் எழுந்து போய்விட்டார். ஒவ்வொருவரும் ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்ட பிறகு அதிலிருந்து இறங்குவது மானப் பிரச்சினையாகிவிட்டது.

இரண்டாவது அமர்வு, பேத்தியின் தேர்வுகள் முடிந்த பிறகு, மார்ச் கடைசியில் நடந்தது. இந்த முறை நான் எண்ணிக்கையைக் கேட்கவில்லை. நாளைக்கு எத்தனை குடம் தண்ணீர் வருகிறது என்று கேட்டேன். ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். அப்போது பேத்தி உள்ளே போய் இயற்பியல் நோட்டை எடுத்துவந்து கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். டிசம்பரிலிருந்து ஒவ்வொரு நாளும் கொண்டுவந்த குடங்கள், நான்கு கோட்டின்மேல் ஒரு குறுக்குக் கோடாக, ஐந்தைந்தாகப் போடப்பட்டிருந்தன. மருத்துவர் சொன்ன நாளிலிருந்து கோழிக்கென்று தனியாக வந்த குடங்களுக்குப் பச்சை மை. அவள் தேர்வுக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் எத்தனை முறை குழாயடிக்குப் போனாள் என்பது அந்தப் பக்கத்தில் இருந்தது. அவளுடைய அப்பா நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் கணக்குப் போடுவது எளிதாயிற்று. வளர்ந்த கோழி நாளைக்குக் கால் லிட்டர் அளவில் குடிக்கும். வெயிலில் இன்னும் கூடும். நூறு கோழிக்கு 25 லிட்டர், அதாவது குடிக்க மட்டும் ஏறத்தாழ இரண்டு குடம். காசாகப் பார்த்தால் 20 ரூபாய்தான். ஆனால் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் தெருவில், அந்த இரண்டு குடத்தை யார் தள்ளிவருவது என்ற கேள்விக்கு மருமகளிடமும் பதில் இல்லை. அடைத்து வளர்த்தால் கோழிக்கு நாளொன்றுக்கு 80 முதல் 100 கிராம் தீனி வேண்டும். நூறு கோழிக்கு எட்டு முதல் பத்து கிலோ. அவிழ்த்துவிட்டால் தீனி குறையும், நாத்தனாரின் நெத்தலி போகும்.

அப்போதுதான் மாமியார் பேசினார். தாம் குஞ்சுகளுக்கு என்றைக்கும் சிரட்டையில் நல்ல தண்ணீரே வைத்ததாகவும், கருவாட்டுத் தலையை இரண்டு தண்ணீரில் அலசாமல் போட்டதில்லை என்றும், சாணியும் பழைய சாக்கும் திணித்த பானையைக் கவிழ்த்துவைத்து, மறுநாள் காலையில் ஏறியிருக்கும் கரையானைத் தட்டிக் குஞ்சுக்குக் கொடுத்ததாகவும் சொன்னார். "குஞ்சுக்கு உப்பு ஆகாதுத்தா. எங்கிட்ட யாரு கேட்டா?" என்றார். மருமகள் அழுதுவிட்டார். நாற்பத்து மூன்று குஞ்சுகளும் சாகும்போது தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை என்று அவர் திருப்பிக் கேட்டதும் நியாயம்தான். அதற்கு மாமியார் பதில் சொல்லவில்லை.

வழி என்று வந்தது நான் கொண்டுபோன எந்த யோசனையும் அல்ல. மாமியார் தம் பெட்டைகளை மருமகளுக்கு வாரத்துக்கு விடுவதாகச் சொன்னார். ஆடு, மாடு, கோழியை வளர்க்கக் கொடுத்து ஈற்றைப் பங்கிட்டுக்கொள்ளும் வாரமுறை ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரே கூரையின் கீழ் மாமியாரும் மருமகளும் வாரம் பேசியதை நான் பார்த்தது அதுவே முதல் தடவை. பெட்டையும் முட்டையும் மாமியாருடையவை. தீனியும் பாடும் மருமகளுடையவை. தாய்க்கோழி குஞ்சுகளைக் கொத்தி விரட்டும் பருவத்தில் ஆளுக்குப் பாதி. அந்த ஒரு சொல்லால் கோழிகள் மறுபடியும் அவருடையவை ஆயின. மருமகளுக்கும் கேட்டு வாங்கிய கை ஆயிற்று. எத்தனை என்பதும் தானாகவே அடங்கியது: மூன்று பெட்டை அடையில் உட்கார்ந்தால் எத்தனை பொரிக்குமோ அத்தனை.

நாத்தனாரிடம் கணவர்தான் போய்ப் பேசினார். நெத்தலி முற்பகல் வெயிலிலேயே பெரும்பாலும் காய்ந்துவிடும் என்பதால், நண்பகல் வரை கோழியைத் திறப்பதில்லை என்றும், களத்தைச் சுற்றிப் பழைய வலையைச் சவுக்குக் கம்பில் கட்டித் தருவதாகவும் முடிவாயிற்று.

நடந்தது

மருமகள் உடனே அடை வைக்கச் சொன்னார்; மாமியார் மறுத்தார். கோடையில் அடை வைத்தால் முட்டை கெடும், மழையில் பொரித்தால் குஞ்சு தங்காது, மார்கழியில் வைத்து தையில் பொரிப்பதுதான் சரி என்றார். எட்டு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும் என்பது மருமகளுக்குக் கசப்பாக இருந்தது. எஞ்சிய பதினேழு கோழிகளை விற்றதிலும் பாசிப் பணத்திலும் தவணைகளைக் கட்டினார்.

டிசம்பர் கடைசி வாரத்தில் மூன்று பெட்டைகளுக்கு 34 முட்டைகள் வைக்கப்பட்டன. 21 நாள் கழித்து, பொங்கலை ஒட்டி, 27 பொரித்தன. ஐந்து கூமுட்டை, இரண்டு உடைந்தன. பல்பு தேவைப்படவில்லை, தாயின் சிறகு போதுமானதாக இருந்தது. ஏழாம் நாள் கோழிக்கழிச்சல் நோயைத் தடுக்கும் லசோட்டா சொட்டு மருந்து போட வேண்டும். ஒரு குப்பி நூறு குஞ்சுக்கானது, கரைத்தால் உடனே தீர்த்துவிட வேண்டும் என்பதால், பக்கத்து மூன்று வீட்டுக் குஞ்சுகளையும் கூடையில் கொண்டுவரச் சொல்லிக் கண்ணில் ஒவ்வொரு சொட்டாக விட்டோம். பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமுக்கு, மாமியார் தம் பழைய பெட்டைகளையும் முதன்முறையாகத் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்கு முன் ஊசி போட்டால் முட்டை நிற்கும் என்று மறுத்துவந்தவர் அவர். காகம் இரண்டைத் தூக்கியது, கீரி ஒன்றைப் பிடித்தது, நோஞ்சானாக இருந்த ஒன்று தானாகவே செத்தது. 23 எஞ்சின.

பங்கு பிரித்த அன்று நானும் இருந்தேன். வலை பின்னும் நைலான் நூலில் மாமியாரின் கோழிகளுக்கு நீலமும் மருமகளின் கோழிகளுக்குப் பச்சையும் காலில் கட்டினார்கள். ஒற்றையாக நின்ற இருபத்து மூன்றாவதை, அந்தியில் கொட்டகையை அடைக்கும் பேரனுக்கு என்று மாமியார் சொன்னார். தடைக்காலத்தில் மீன் அருகிக் கோழி விலை ஏறியபோது, மே கடைசியிலும் ஜூனிலும் மருமகள் தம் பதினொன்றில் எட்டை விற்று ஏறத்தாழ 4,000 ரூபாய் பெற்றார். இன்னும் முட்டைக்கு வராத இளம் பெட்டைகளான மூன்று விடைகளைத் தமக்கென்று நிறுத்திக்கொண்டார். தீனிக்கும் மருந்துக்கும் போக 3,000 ரூபாய்க்குக் குறைவாகவே நின்றது. நூறு குஞ்சில் அவர் எதிர்பார்த்த தொகையோடு இதை ஒப்பிட முடியாது. அதை அவரும் என்னிடம் ஒளிக்காமல் சொன்னார்.

தீராதவை

நாத்தனார் பேசுகிறார், ஆனால் சோறு, குழம்பு மாற்றிக்கொள்ளும் பழைய வழக்கம் இன்னும் திரும்பவில்லை. கடனில் மூன்றில் ஒரு பங்கு நிற்கிறது. பேத்தி இராமநாதபுரத்தில் கல்லூரிக்குப் போய், இரவு ஏழு மணிப் பேருந்தில்தான் திரும்புகிறாள். பாசி நாட்களில் காலைத் தண்ணீருக்கு யார் என்பது மறுபடியும் கேள்வியாகியிருக்கிறது. மாமியாருக்குக் கண் மங்குகிறது. முட்டையை வெளிச்சத்தில் பிடித்துக் கருக் கூடியிருக்கிறதா என்று பார்ப்பதை இப்போது மருமகள் கற்றுக்கொண்டிருக்கிறார்.

கடைசியாக ஐப்பசியில் போனபோது, மருமகள் தம் விடைகள் மூன்றும் முட்டைக்கு வந்துவிட்டன, இந்த மார்கழியில் ஆறு பெட்டையை அடை வைக்கலாம் என்றார். மாமியார் நான்கு என்றார். என்னைப் பார்த்தார்கள். பேத்தி வரட்டும், கேட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, மழைத் தண்ணீர் பிடிக்கக் கூரையோரம் வாங்கி வைத்திருந்த புது டிரம்மின் அடியில் கசிவு இருக்கிறதா என்று மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.